அச்சமும் பசியும் பிறர் வீட்டுப் பாடங்களா?



2017-ஆம் ஆண்டு, ரமளானுக்குச் சில வாரங்களே இருந்த ஒரு நாள். அஸர் தொழுகை முடிந்து மதரஸாத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். சவூதியில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய தந்தை ஒருவர், மடித்த தாள் ஒன்றைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"ஹஜ்ரத், மகளுக்கு இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. உலகப் பாதுகாப்பும் பன்னாட்டு வளர்ச்சியும் என்று போட்டிருக்கிறார்கள். பாதுகாப்பு என்றால் போலீஸ் படிப்பா? நம் பெயரை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகலாமா? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் வீட்டில் கேட்டுக்கொள்வார்கள்."

நாம் ஒரு வார்த்தை சொன்னோம். "வேண்டாம்" என்பதே அந்த வார்த்தை. அந்தத் தாளை நாம் முழுமையாகப் படிக்கவில்லை. அந்தப் பிள்ளையை அழைத்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நம்மிடம் குர்ஆன் ஓதி முடித்த பிள்ளை அவர். உஸ்தாத் சொல்லிவிட்டார் என்பதற்காக மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல எப்படிக் கல்வி தேவையோ, அப்படியே உலக விவகாரத்தில் ஆலோசனை சொல்லவும் அறிவு தேவை. அன்று நம்மிடம் அது இருக்கவில்லை. இருந்ததெல்லாம் அச்சம் மட்டுமே. அந்த அச்சத்தைப் பேணுதல் என்று எண்ணிக்கொண்டோம்.

இந்த ஆண்டு அதே திண்ணைக்கு அதே போன்ற இன்னொரு கடிதம் வந்துள்ளது. இம்முறை ஓர் இளைஞர். ஊர்ப் பெரியவர்களிடமிருந்து அதே எதிர்ப்புகள் எழுகின்றன. அன்று நாம் சொன்ன சொற்களையே இன்று பிறர் வாயிலிருந்து கேட்கிறோம். ஆகவே, அந்த எதிர்ப்புகள் ஒவ்வொன்றையும் வெளிப்படையாக எடுத்து வைத்து மறுக்க வேண்டிய கடமை நமக்கே முதலில் உண்டு.

முதலில் அந்தப் படிப்பு என்னவென்று அறிந்துகொள்வோம். பிரிட்டனில் இது பெரும்பாலும் ஓராண்டு முதுகலைப் படிப்பு. போர் ஏன் மூள்கிறது, மூண்ட போர் எவ்வாறு நிற்கிறது, எல்லை கடந்த அகதிக்கு என்ன உரிமை, உதவிப் பணம் எவர் கையிலிருந்து எவர் கைக்குச் செல்கிறது என்பனவே அதன் பாடங்கள். பஞ்சம் என்பது விளைச்சல் இல்லாமையா, வாங்க இயலாமையா என்ற கேள்வியும் அதில் உண்டு. 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், உணவு இருந்த நாட்டிலேயே அதை வாங்க வழியற்றவர்கள் மடிந்தார்கள் என்று 1981-இல் நிறுவிக் காட்டினார். இத்தகைய ஆய்வுகளைப் பயின்று, இறுதியில் தாமே ஓர் ஆய்வேடு எழுதித் தர வேண்டும். துப்பாக்கி பிடிக்கக் கற்பிக்கும் படிப்பு அல்ல இது.

இனி எதிர்ப்புகளைப் பார்ப்போம்.

"இதற்கும் தீனுக்கும் என்ன தொடர்பு?" என்பது முதல் எதிர்ப்பு. இதைக் கேட்பவர்களிடம் நாம் திருப்பிக் கேட்கிறோம்: அன்றாடம் தொழுகையில் ஓதும் சூரத்துல் குறைஷின் பொருளைச் சிந்தித்ததுண்டா? பசியைப் போக்கி உணவளித்தான், அச்சத்தைப் போக்கி அபயமளித்தான் என்ற இரண்டு அருட்கொடைகளையும் ஒரே மூச்சில் சொல்லியே, அந்த ஆலயத்தின் இறைவனை வணங்குமாறு குறைஷியர் பணிக்கப்படுகின்றனர். இப்ராஹீம் (அலை) அவர்கள் மக்காவுக்காகச் செய்த துஆவில் முதலில் ஊரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். அடுத்து அதன் மக்களுக்குக் கனிகளைக் கேட்டார்கள். சூரத்துந் நஹ்லில் உவமையாகக் கூறப்படும் ஊர், நிம்மதியும் நிறைந்த உணவும் பெற்றிருந்தும் நன்றி மறந்ததால் பசியையும் அச்சத்தையும் சேர்த்தே சுவைத்தது. பசி, அச்சம் என்ற இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக வருவன என்பதை நம் வேதம் திரும்பத் திரும்ப உணர்த்துகிறது. அதையே இன்றைய பல்கலைக்கழகங்கள் வளர்ச்சி என்றும் பாதுகாப்பு என்றும் பெயரிட்டு ஒரே படிப்பாக வைத்துள்ளன. பெயர் அந்நியமாக இருக்கலாம். பொருள் நமக்கு அந்நியமன்று.

யூசுஃப் (அலை) அவர்களை நினைத்துப் பாருங்கள். ஏழாண்டுச் செழிப்பும் ஏழாண்டு வறட்சியும் வரவிருந்த நாட்டில், களஞ்சியப் பொறுப்பைத் தமக்குத் தருமாறு அவர்களே அரசரிடம் கேட்டார்கள். காக்கும் ஆற்றலும் அறிவும் தமக்கு உண்டு என்ற இரண்டு தகுதிகளைச் சொல்லியே கேட்டார்கள். அந்த அரசு அவர்களுடைய சமுதாயத்தின் அரசன்று. பிறர் ஆட்சியிலும் மக்களின் பசி தீர்க்கும் அறிவைப் பயன்படுத்துவது ஒரு நபியின் முன்மாதிரி. ஹிஜ்ரி 18-இல் அரபகத்தைப் பஞ்சம் வாட்டிய ஆண்டை வரலாறு ஆமுர் ரமாதா, அதாவது சாம்பல் ஆண்டு என்று குறிக்கிறது. அப்போது உமர் (ரலி) அவர்கள் துஆவோடு மட்டும் நின்றார்களா? மாகாண ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதி உணவுப் பொருள்களை வரவழைத்தார்கள். பசியால் திருடியவர் மீது திருட்டுக்குரிய தண்டனையை நிறுத்தி வைத்தார்கள் என்று ஃபிக்ஹு நூல்கள் எடுத்துரைக்கின்றன. பசி முற்றிய இடத்தில் சட்டத்தைக் காட்டி மட்டும் அமைதி காக்க இயலாது என்பதை உணர்ந்த ஆட்சி அது.

"நம் பிள்ளைகள் இதைப் படித்தால் சந்தேகிப்பார்கள்" என்பது இரண்டாவது எதிர்ப்பு. இதை வெறும் கற்பனை என்று நாம் ஒதுக்கமாட்டோம். 2008-ஆம் ஆண்டு மே மாதம், நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு முஸ்லிம் மாணவர் பயங்கரவாதச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். அல்காயிதாவின் கையேடு எனப்படும் ஓர் ஆவணத்தைத் தம் ஆய்வுக்காகத் தரவிறக்கினார் என்பதே காரணம். அமெரிக்க நீதித்துறையின் சொந்த இணையதளத்திலேயே கிடைத்த ஆவணம் அது. பல நாள் காவலில் வைத்துவிட்டு, குற்றச்சாட்டு எதுவுமின்றி விடுவித்தார்கள். 2011-இல் காவல்துறை அவருக்கு 20,000 பவுண்டு இழப்பீடு தந்தது. 2015-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மாணவர்கள் தீவிரவாதத்தின் பக்கம் ஈர்க்கப்படாமல் தடுக்கும் கடமையைப் பல்கலைக்கழகங்கள் மீதே சுமத்தியது. அதே ஆண்டில், ஸ்டாஃபர்ட்ஷையர் பல்கலைக்கழக நூலகத்தில் தம் பாடநூலைப் படித்துக்கொண்டிருந்த முதுகலை மாணவர் ஒருவர் விசாரிக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. பயங்கரவாதத்தையும் உலகப் பாதுகாப்பையும் பற்றிய படிப்பே அவருடைய படிப்பு! பின்னர்ப் பல்கலைக்கழகம் அவரிடம் மன்னிப்புக் கேட்டது.

இவை நடந்தவை. இவற்றை மறைத்துப் பிள்ளைகளை அனுப்பச் சொல்வது துரோகம். ஆனால் இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? நாட்டிங்ஹாமில் கைதான அந்த மாணவர் படிப்பைக் கைவிட்டு ஓடவில்லை. முனைவர் பட்டம் பெற்றார். இன்று இங்கிலாந்தில் பல்கலைக்கழக ஆசிரியர். தாம் பட்டதை நூலாகவே எழுதி, அந்தச் சட்டங்களைக் கேள்வி கேட்கிறார். அவர் ஒதுங்கியிருந்தால் நம்மைப் பற்றிய ஆய்வை நம்மைக் கண்டு அஞ்சுபவர்கள் மட்டுமே எழுதிக்கொண்டிருப்பார்கள். சந்தேகத்துக்கு மருந்து தலைமறைவு அன்று. பிள்ளையை அனுப்பும்போது சில எச்சரிக்கைகளைச் சொல்லி அனுப்புங்கள்: எந்த ஆவணத்தைப் படிப்பதாயினும் வழிகாட்டும் பேராசிரியருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கட்டும், பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழுவின் ஒப்புதலைப் பெறட்டும், மாணவர் சங்கத்தில் சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்று முதல் வாரத்திலேயே கேட்டு வைக்கட்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும் உம்மத்துக்கு இது புதிதன்று.

"இது மேற்குலகின் கருவி" என்பது மூன்றாவது எதிர்ப்பு. மற்றவற்றைவிட இதில் உண்மை அதிகம். 1949-ஆம் ஆண்டு ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் பதவியேற்று உரையாற்றியபோது, வளர்ச்சி குன்றிய நாடுகளுக்கு உதவுவதைத் தம் நாட்டின் கொள்கையாக அறிவித்தார். கம்யூனிசத்தை எதிர்கொள்ளும் திட்டத்தோடு சேர்த்தே அதைச் சொன்னார். அன்றுதொட்டு உதவியும் போரும் ஒரே மேசையில் பேசப்பட்டு வந்துள்ளன. அதன் உச்சத்தை 2011-இல் பாகிஸ்தானின் அப்போத்தாபாத்தில் கண்டோம். உஸாமா பின் லாதின் இருப்பிடத்தை உறுதி செய்ய, அமெரிக்க உளவுத்துறை ஒரு மருத்துவரைக் கொண்டு மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாம் ஒன்றைப் போலியாக நடத்தியது. குழந்தையின் கையில் ஏற்றும் ஊசியையும் வேவுக்குப் பயன்படுத்தினார்கள். இனி அவ்வாறு செய்வதில்லை என்று வெள்ளை மாளிகை 2014-இல் அறிவித்தது. அதற்குள் நம்பிக்கை செத்துவிட்டது.

ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்லாவிட்டால் நாம் நீதி தவறியவர்கள் ஆவோம். 2012 டிசம்பர் முதல் பாகிஸ்தானில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கச் சென்ற ஊழியர்களைச் சுட்டுக் கொன்றவர்கள் யார்? கொல்லப்பட்டவர்களில் பலர் முஸ்லிம் பெண்கள். உளவுத்துறையின் குற்றத்துக்குப் பழி தீர்க்கிறோம் என்று, நம் பிள்ளைகளின் கால்களைக் காக்க வந்த நம் சகோதரிகளையே கொன்றார்கள். அந்த வஞ்சகத்தையும் இந்த அநியாயத்தையும் ஒருசேரக் கண்டிக்கும் நா யாருக்கு வேண்டும்? நமக்கன்றோ?

கருவி பிறர் கையில் இருக்கிறது என்பதற்காக அதைத் தொடாமலே இருப்பவர் அதன் கூர்மைக்கு இரையாவார். கற்றவர் அதைத் திருப்பி அமைக்கிறார். மஹ்பூபுல் ஹக் என்ற பெயரை நம் வீடுகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? 1934-இல் ஜம்முவில் பிறந்து, லாகூரிலும் கேம்பிரிட்ஜிலும் யேலிலும் பயின்ற பொருளியலாளர் அவர். ஒரு நாட்டின் வளர்ச்சியை அதன் வருமானத்தால் மட்டும் அளக்கக் கூடாது, மக்களின் ஆயுளும் கல்வியும் சேர்ந்தே அளவுகோலாக வேண்டும் என்று வாதிட்டு, 1990-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் முதல் மனித வளர்ச்சி அறிக்கையை வெளிக்கொணர்ந்தார். 1994-ஆம் ஆண்டு அறிக்கையில் இன்னும் ஒரு படி சென்றார். பாதுகாப்பு என்பது எல்லைக்கும் ஆயுதத்துக்கும் உரிய சொல் மட்டுமன்று. வருமானம், உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல், தனிமனித உயிர், சமூகம், அரசியல் உரிமை ஆகிய ஏழிலும் மனிதன் அச்சமின்றி வாழ்வதே பாதுகாப்பு என்ற கருத்தை உலக அரங்கில் நிறுத்தியது அந்த அறிக்கை. அச்சத்திலிருந்து விடுதலை, தேவையிலிருந்து விடுதலை என்று அது கூறிய இரண்டும் சூரத்துல் குறைஷை ஓதும் எவருக்கும் புதியவை அல்ல. நாம் "வேண்டாம்" என்று தடுத்த அந்தப் படிப்பில் இந்த அறிக்கை அடிப்படைப் பாடம்.

இன்னும் ஒரு சான்று. 2017 ஆகஸ்டு தொடங்கி ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியா மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பங்களாதேஷுக்குள் வந்தார்கள். நம் பள்ளிவாசல்களில் குனூத் ஓதினோம், கண்ணீர் விட்டோம், வசூல் செய்தோம். அல்லாஹ் அவற்றை ஏற்றுக்கொள்வானாக. ஆனால் மியான்மர் அரசை உலக நீதிமன்றத்தில் நிறுத்தியது யார்? மேற்கு ஆப்பிரிக்காவின் சின்னஞ்சிறு நாடான காம்பியா. அதன் அப்போதைய நீதியமைச்சர் அபூபக்கர் தம்பது, ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த பன்னாட்டுத் தீர்ப்பாயத்தில் பல்லாண்டு பணியாற்றிய சட்டத்தரணி. அகதி முகாமுக்குச் சென்று அம்மக்களின் கதைகளைக் கேட்டபோது, ருவாண்டாவில் தாம் அறிந்த அதே கொடுமையை அடையாளம் கண்டார். 2019 நவம்பரில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2020 ஜனவரி 23 அன்று, ரோஹிங்கியா மக்களைக் காக்க நடவடிக்கை எடுக்குமாறு மியான்மருக்கு நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அந்த ஆணையால் துயரம் தீர்ந்துவிடவில்லை. எனினும், கையேந்திய கோடிக்கணக்கானோருள் கற்றிருந்த ஒருவர் அந்தக் கல்வியையும் துஆவோடு சேர்த்தார் என்பதை மறக்கலாகாது.

"பணத்துக்கு எங்கே போவது? வேலை கிடைக்குமா?" என்பது கடைசி எதிர்ப்பு. இதுவே உண்மையான தடை என்றும் நாம் எண்ணுகிறோம். வட்டிக்குக் கடன் வாங்கிப் படிக்க நாம் சொல்லமாட்டோம். சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுப் படிப்புக் கடனுக்கு வட்டி மானியம் தந்த நடுவண் அரசின் படோ பர்தேஷ் திட்டமும், ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையும் 2022-இல் நிறுத்தப்பட்டன. இதற்காகக் குரல் கொடுக்க வேண்டியது அவசியம். குரல் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பது போதாது. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுகலைப் படிப்பின் கட்டணம், தங்குமிடம், பயணம் அனைத்தையும் ஏற்கிறது. இரண்டாண்டுப் பணி அனுபவம் கேட்கிறது. படிப்பு முடிந்ததும் இரண்டாண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்கிறது. ஜித்தாவிலுள்ள இஸ்லாமிய வளர்ச்சி வங்கி, உறுப்பினரல்லாத நாடுகளின் முஸ்லிம் சமூகங்களுக்கென்றே 1983-இல் ஓர் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. பெண்பிள்ளையின் பயணம் குறித்து மஹ்ரம் கேள்வி எழுமாயின், அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். தயக்கம் தீராவிட்டால் நாட்டுக்குள்ளேயே வழி உண்டு. தில்லி ஜாமிஆ மில்லியாவில் 2004-இல் நிறுவப்பட்ட நெல்சன் மண்டேலா அமைதி ஆய்வு மையம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே பாதுகாப்பு, போர்த்திறன் ஆய்வுத் துறை இருக்கிறது. வழியே இல்லை என்று சொல்லிக் கதவை மூடாதீர்கள்.

வேலையைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்வோம். உதவித் துறை இன்று சுருங்குகிறது. பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 விழுக்காட்டிலிருந்து 0.3 ஆகக் குறைத்து, அந்தப் பணத்தை இராணுவத்துக்குத் திருப்புவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. 1961 முதல் இயங்கிய அமெரிக்க உதவி நிறுவனம் 2025 ஜூலையோடு முடக்கப்பட்டது. 2024-இல் உலக நாடுகளின் இராணுவச் செலவு ஏறத்தாழ 2,71,800 கோடி டாலர் என்று ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. அதே ஆண்டில் செல்வந்த நாடுகள் தந்த வளர்ச்சி உதவி அதில் 12-இல் ஒரு பங்கும் இல்லை. ஆகவே பட்டம் பெற்ற மறுநாளே பெரிய சம்பளம் வரும் என்று நாம் வாக்களிக்கமாட்டோம். ஆனால் பசியின் பங்கைப் பறித்து ஆயுதத்துக்குக் கொடுக்கும் காலத்தில், அந்தக் கணக்கைப் படித்துக் கேள்வி கேட்பவர்கள் குறைய வேண்டுமா, கூட வேண்டுமா? தொண்டு நிறுவனங்கள், பத்திரிகைகள், ஆய்வு மையங்கள், ஆட்சிப் பணித் தேர்வுகள் என இந்தக் கல்வி பயன்படும் இடங்கள் பல உள்ளன.

பிராட்ஃபோர்ட் என்றதும் நமக்கு முஸ்லிம்கள் நிறைந்த நகரம் நினைவுக்கு வரும். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் 1973-இல் அமைதி ஆய்வுத் துறை தோன்றக் காரணமாக இருந்தவர்கள் குவேக்கர்கள் என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவினர். போரை மறுப்பது அவர்களுடைய சமயக் கொள்கை. அதைப் பிரசங்கத்தோடு நிறுத்தாமல், பணம் திரட்டிக் கொடுத்து ஒரு கல்வித் துறையாக்கினார்கள். உம்ராவுக்கும் வலீமாவுக்கும் லட்சங்களைச் செலவழிக்கும் நம் மஹல்லாக்களில், ஆண்டுக்கு ஒரே ஒரு மாணவரை இத்துறைக்கு அனுப்பும் பைத்துல்மால் எத்தனை? ஏழை மாணவர் ஏழை என்ற வகையிலேயே ஜகாத் பெறத் தகுதியானவர். ஏனையோருக்கு வட்டியில்லாக் கடனாகிய கர்ளு ஹஸனா இருக்கிறது. இல்லாதது மனம் மட்டுமே.

முடிக்கும் முன், ஒரு நாள் நாம் தலைகுனிந்ததைச் சொல்லியாக வேண்டும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினம் கடற்கரையைத் தாக்கியது. நம் ஜமாஅத்தார் அள்ளிக் கொடுத்தார்கள். இரண்டு வேன்களில் உணவுப் பொட்டலங்களும் துணிமூட்டைகளும் ஏற்றிக்கொண்டு முகாம் ஒன்றுக்குச் சென்றோம். பிரியாணி மிஞ்சியது, துணிகள் மழையில் நனைந்து குவிந்து கிடந்தன. நாம் தடுத்து நிறுத்திய அந்தப் பிள்ளையும் மகளிர் குழுவோடு வந்திருந்தார். மாலையில் நம்மிடம் வந்து பணிவோடு கேட்டார்: "ஹஜ்ரத், இந்த முகாமில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் கிடைக்கிறது என்று யாராவது கணக்கெடுத்தார்களா? பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். கழிப்பறைக்குப் போக இடமில்லை என்பதால்."

நம்மிடம் பதில் இல்லை. முகாமில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், இருபது பேருக்கு ஒரு கழிப்பறை என்று பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்கள் கூடி வகுத்த அளவுகள் இருப்பதை அவர்தாம் சொன்னார். படிக்கப் போகவிருந்த காலத்தில் தாமே தேடிப் படித்தாராம். நாம் கொண்டு சென்றது பிரியாணி. அந்தப் பெண்களின் தாகத்தையும் அச்சத்தையும் கண்டறியும் கல்வியை ஊரிலேயே தடுத்து வைத்துவிட்டுச் சென்றிருந்தோம்.

அந்தப் பிள்ளையிடம் அன்றே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இப்போது கேட்கிறோம், எல்லோரும் அறிய.

இந்த ஆண்டு கடிதத்தோடு வந்த இளைஞரின் தந்தையிடம் நாம் சொன்ன வார்த்தை வேறு. "அனுப்புங்கள். செலவில் ஒரு பங்கை ஜமாஅத்திடம் கேட்க நாமும் உங்களோடு வருகிறோம்" என்றோம். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அந்தக் கோரிக்கையை நிர்வாகிகள் முன் வைக்கவிருக்கிறோம். மறுப்பவர்கள் காரணத்தைச் சொல்லட்டும், கேட்கக் காத்திருக்கிறோம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கடிதம் வந்திருந்தால், அதை முழுமையாகப் படியுங்கள். பிறகு பிள்ளையை அழைத்துப் பேசுங்கள். அதற்குப் பின்னரே ஆலிமிடம் வாருங்கள்.

பசியிலிருந்தும் அச்சத்திலிருந்தும் காப்பவன் அல்லாஹ் ஒருவனே. அந்தக் காவலுக்குக் காரணமாக அமையும் கைகளாக நம் பிள்ளைகளின் கைகளை அவன் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.